பக்கத்து அறையில் இருந்த இந்திய அம்மா

1. அடையாளம் தெரிந்த முகம்

நியூசிலாந்தின் ஒக்லண்டில் பாலியல் நலக் கிளினிக் ஒன்றில் நான் தாதியாகச் சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். முதல் நாளே மேலாளர் என்னை எல்லோருக்கும் அறிமுகப்படுத்தி, “இனித் தமிழ் ஆட்கள் தயங்காமல் வருவார்கள்” என்றார். நானும் நம்பினேன். புதுச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு போயிருந்தேன் என்றால் பாருங்கள்.

முதலில் வந்த தமிழர் என்னைக் கண்டதும் டாய்லெட் எங்கே என்று கேட்டுவிட்டு வாசல் வழியாகப் போய்விட்டார். திரும்பி வரவே இல்லை. அடுத்தவர் வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் குரலைத் தாழ்த்தி, வெள்ளைக்கார நர்ஸ் இல்லையா என்று கேட்டார். அது எனக்கு நன்றாகவே கேட்டது.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. அந்த நாளில் ஒக்லண்ட் தமிழர்களில் பாதிப் பேருக்கு மற்றப் பாதிப் பேரைத் தெரியும். தமிழ்ப் பள்ளி விழாவில் சாம்பார் வாளியோடு நிற்பவள் நான். எய்ட்ஸ் பரிசோதனைக்கு வந்தேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு, சனிக்கிழமை என் கையாலேயே எப்படிச் சாம்பார் வாங்குவது?

எல்லோரும் போனது ஜூடித்திடம். அடுத்த அறைத் தாதி, என்னைவிட மூத்தவள், கெட்டிக்காரி. அவளுக்குத் தமிழில் தெரிந்த ஒரே சொல் வணக்கம். அதைச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். என் ஆட்கள் அவளுடைய கதவைத் தட்டும்போது எனக்கு வயிறு எரியும். பொறாமைதான், வேறு பெயர் வைக்க விரும்பவில்லை.

2. எல்லாவற்றுக்கும் யெஸ்

ஒரு நாள் தேநீர் நேரத்தில் ஜூடித் யோசனையோடு வந்தாள். அப்போது அவளுடைய அறையில் இருந்த ஒருவரைப் பற்றிய கவலை. அவரை ரவி என்று வைத்துக்கொள்வோம். பாபகூராவில் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. முதல் தடவை, ஆணுறை கிழிந்து மூன்று வாரம் ஆனபின் வந்தவர். எச்.ஐ.வி. சோதனைக்கு இரத்தம் எடுத்தார்கள், நெகட்டிவ். மூன்று மாதம் முடிந்ததும் மறுபடி வரவேண்டும் என்று ஜூடித் சொல்லி அனுப்பியிருந்தாள்.

அன்று அவர் வந்தது நன்றி சொல்ல. இலங்கையில் இருந்து மனைவி அடுத்த மாதம் வருகிறார், எல்லாம் கிளியர், இனிக் குழந்தை பெறலாம் என்று சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

“நான் சொன்ன எதுவும் அவருக்கு விளங்கவில்லை. கேட்டதற்கெல்லாம் யெஸ் என்றார். ஆணுறை கிழிந்ததா, யெஸ். கிழியவில்லையா என்று மாற்றிக் கேட்டேன், அதற்கும் யெஸ். தொற்றும் ஆபத்து எவ்வளவு என்று நான் போட்ட ரிஸ்க் அசெஸ்மென்டில் ஒரு வரியைக்கூட இப்போது நம்ப முடியாது” என்றாள்.

பெரியவர்கள் முன்னால் இல்லை என்று சொல்வது மரியாதை இல்லை என்று வளர்ந்த ஆட்கள் நாங்கள். வெள்ளைச் சட்டை போட்டவர் கேட்டால் தலை தானாக ஆடும்.

“என்னைக் கூப்பிட்டிருக்கலாமே” என்றேன்.

“கேட்டேன். தமிழ் நர்ஸ் இருக்கிறார், கூப்பிடவா என்றேன். நோ என்று எழுந்துவிட்டார். மெல்ல மெல்லச் சொல்லி இருத்தி வைத்திருக்கிறேன்.”

அன்று அவர் சொன்ன ஒரே நோ எனக்குத்தான்.

கடைசியில் வழி கண்டுபிடித்தவளும் ஜூடித். அவள் அறைத் தொலைபேசியில் ஸ்பீக்கர் உண்டு. மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் மட்டும் இருப்பார், அவருக்கு உங்கள் பெயர் தேவையில்லை என்று சொன்னதும் ரவி சம்மதித்தார். அந்த மொழிபெயர்ப்பாளர் நான்தான். மேலாளரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். நடுவில் ஒரு சுவர்தான்.

3. நான் இல்லை

என் யாழ்ப்பாணக் குரலைக் கேட்டால் இவர் இன்னொரு தடவை எழுந்துவிடுவார் என்று எனக்குப் பட்டது. கிளென் ஈடனில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு சென்னைக் குடும்பம். அந்த வீட்டு சுமதியின் பேச்சை அப்படியே எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். மொழிபெயர்ப்பவர் இன்று இப்படி ஆள் மாறிப் பேசினால் கூப்பிட்டு விசாரிப்பார்கள். விசாரிக்கத்தான் வேண்டும்.

“வணக்கங்க. நீங்க சொல்றத அப்படியே நர்ஸுக்குச் சொல்வேன். வேற யார்கிட்டயும் பேச மாட்டேன்.”

“நீங்கள் இந்தியாவோ?”

“ஆமாங்க.”

“அப்ப எங்கட ஆக்களைத் தெரியாதுதானே?”

“தெரியாதுங்க.” முந்திய சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் அவர் மண்டபத்துக் கதிரைகளை அடுக்கியதை நான் பார்த்திருந்தேன்.

ஜூடித் முதலில் இருந்து தொடங்கினாள். கிழிந்ததை எப்போது கவனித்தீர்கள்?

“எல்லாம் முடிஞ்ச பிறகுதான் பாத்தது. நுனியிலை கிழிஞ்சு கிடந்தது.”

ஆணுறை போட்டிருந்தது யார்? இது எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான். போன தடவை இதற்கும் யெஸ் என்றிருக்கிறார். இந்த முறை யெஸ் வரவில்லை.

“நான் இல்லை” என்றார். பிறகு, “அது பொம்பிளை இல்லை, அம்மா” என்றார்.

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஜூடித்தின் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த நண்பர் எப்போதாவது பரிசோதனை செய்திருக்கிறாரா என்று அடுத்த கேள்விக்குப் போனாள்.

“தெரியாது. பிறகு நான் அவனைக் காணேல்லை.”

ரிஸ்க் என்பது இந்த ஒரு பதிலில் தலைகீழாக மாறிவிட்டது. உறவில் அவர் ஏற்கும் பக்கம், ஆணுறை கிழிந்திருக்கிறது, மற்றவரின் நிலை தெரியாது. இப்போதென்றால் மூன்று நாளுக்குள் வந்தால் தொற்றைத் தடுக்க மாத்திரை தொடங்குகிறோம். கிழிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டிருக்காமல் அன்றே போங்கள். அந்தக் காலத்தில் இப்படி வருபவர்களுக்கு எங்களிடம் இருந்தது காத்திருப்பு மட்டும்.

ஜூடித் சொல்லச் சொல்ல நான் விளக்கினேன். “கிருமி உள்ள வந்திருந்தாலும் உடனே டெஸ்ட்ல தெரியாதுங்க. உடம்பு அதோட சண்டை போட ஆரம்பிச்ச பிறகுதான் தெரியும். அதுக்கு மூணு மாசம் விடணும்.”

“அப்ப நெகட்டிவ் எண்டு சொன்னது?”

“இன்னும் முடிவு தெரியலன்னுதான் அர்த்தங்க. அதுவரைக்கும் உங்க மனைவிகூட இருக்கும்போதும் ஆணுறை போட்டுத்தான் ஆகணும்.”

“அவ வாற மாதம் வாறா, அம்மா. நாலு வருசமாப் பாத்துக்கொண்டு இருந்தவ. வந்த உடனை கொண்டத்தை எடுத்தா என்ன நினைப்பா?”

ஜூடித் அவசரப்படவில்லை. மனைவியிடம் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் முடிவு, ஆனால் அவருடைய உடம்பை வைத்து நீங்கள் சூதாட முடியாது என்றாள். அதை நான் சொல்லி முடித்தபோது அவர் அழுதார். ‘அழாதையுங்கோ’ என்பது என் தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, “அழாதீங்க” என்றேன்.

எப்படிச் சொல்வது என்று மூன்று பேருமாகப் பேசினோம். ஒரு இரத்தப் பரிசோதனை முடியவில்லை, அதுவரை கவனமாக இருப்போம். அதற்கு மேல் மனைவி கேட்டால் அவரே பதில் சொல்ல வேண்டும். கடைசியில் அவர் சொன்னார்:

“நீங்கள் எங்கட ஆள் எண்டா நான் இதைச் சொல்லியே இருக்க மாட்டன், அம்மா.”

என் காதில் விழ வேண்டியது விழுந்துவிட்டது.

4. பயத்தம் பணியாரம்

மூன்று மாதம் முடிந்து வந்தார். மறுபடியும் நான் சுவருக்கு இந்தப் பக்கம். முடிவு நெகட்டிவ். இந்த முறை அதற்கு அர்த்தம் நெகட்டிவ்தான் என்று நானே சொன்னேன்.

மனைவிக்குச் சொன்னீர்களா என்று ஜூடித் கேட்டாள்.

“சொன்னனான். எல்லாம் இல்லை. ஆரவள் எண்டு கேட்டவ. அது ஒரு பொம்பிளை எண்டே நினைச்சுக்கொண்டிருக்கிறா. ஒரு கிழமை என்னோட கதைக்கேல்லை. ஆனா கொண்டம் இல்லாமல் ஒரு நாளும் இருக்கேல்லை.”

போகும்போது இரண்டு பார்சல் கொடுத்துவிட்டுப் போனார், மனைவி சுட்ட பயத்தம் பணியாரம். ஒன்று ஜூடித்துக்கு, மற்றது அந்த இந்திய அம்மாவுக்கு. நான் கிளினிக் தாழ்வாரத்துக்கு வந்தபோது எதிரே வந்தார். என்னைக் கண்டதும் சுவரில் இருந்த போஸ்டரை வாசிக்கத் தொடங்கினார். நான் தலையைக் குனிந்துகொண்டு கடந்தேன்.

ஜூடித் பார்சலை என் மேசையில் வைத்து, “உனக்குத்தான்” என்றாள். எனக்கில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பக்குவமான பணியாரம், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் தின்னும்போது எனக்கு அந்த இந்திய அம்மாவின் மேல் வந்த எரிச்சல், ஜூடித்தின் மேல்கூட அதுவரை வந்ததில்லை.

5. தமிழ்ப் பள்ளி விழாவில்

சில வாரம் கழித்து விழாவில் ஒரு இளம்பெண் என் பக்கத்தில் வந்து நின்று வாழையிலை துடைத்தாள். ரவியின் மனைவி. கொஞ்ச நேரம் ஊர்க்கதை கதைத்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

“அக்கா, இஞ்சை கன இந்திய ஆக்கள் இருக்கினமோ?”

“இருக்கினம். ஏன்?”

“இவர் ஒரு இந்திய அம்மாவைப் பற்றிச் சொல்லுவார். தனக்குப் பெரிய உதவி செய்தவவாம். அவவுக்கு எண்டு பணியாரமும் சுடுவிச்சவர். பேரைக் கேட்டா தெரியாதாம், முகமும் தெரியாதாம். குரலை மட்டும் மறக்கேலாதாம். இதை நான் நம்பவோ, அக்கா?” அவள் இலையை அழுத்தித் துடைத்ததில் அது கிழிந்துவிட்டது. “இவரோட பழகின அவள்தானோ எண்டு நினைக்கிறன். உங்களுக்குத் தெரியுமோ, ஆரெண்டு?”

அவளுக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரவில் நிம்மதியாகப் படுப்பாள். அந்த ஒரு வார்த்தை ரவியுடையது, என்னுடையது இல்லை. அந்தப் பேச்சு கிளினிக்குக்குள் நடந்தது.

“அப்பிடி ஒராளை எனக்குத் தெரியாது, தங்கச்சி” என்றேன்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எங்கள் ஆள் என்பதால் எங்களிடம் வாய் திறப்பார் என்று நினைக்காதீர்கள். யார் கேட்டால் உங்களுக்குச் சொல்ல முடியும் என்று முதலில் கேளுங்கள். அது நீங்களாக இல்லாவிட்டால் விலகி வழி விடுங்கள். எரியத்தான் செய்யும், எரியட்டும்.

அவள் கிழிந்த இலையைப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தாள். நானும் ஒன்றை எடுத்தேன். இல்லாத ஒருத்தியின் மேல் பொறாமைப்பட்டுக்கொண்டு இரண்டு பேரும் பந்தி முடியும் வரை இலை துடைத்தோம்.