இரும்பு புதைந்த மரத்தில் இரண்டு செயின்கள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் நானும் என்னிலும் மூத்த நசீர் நானாவும் சேர்ந்து மரம் வெட்டுகிறோம். மரம் அறுக்கும் செயின்சோவுக்கு நான் வாங்குவது சிவப்புப் பெட்டிச் செயின். பல் நுனி மிகக் கடினம். லேசில் கூர் போகாது. நானா வாங்கும் பச்சைப் பெட்டிச் செயின் சீக்கிரம் மழுங்கும். ஆனால் நின்ற இடத்திலேயே கை அரத்தால் தீட்டலாம்.

யுத்த காலத்தில் ஒருநாள் பகல் எங்கள் வீதி முனையில் குண்டு வெடித்தது. பெரிய வாகை மரம் முறிந்து ஓர் ஓட்டோவின் மேல் விழுந்து, சாரதியின் காலை நசுக்கியிருந்தது. நான் செயின்சோவோடு ஓடிப்போய் வெட்டத் தொடங்கியதும் தீப்பொறி பறந்தது. மரத்துக்குள் குண்டின் இரும்புத் துண்டுகள். செயினின் பற்கள் உடைந்தன. பல் கடினமென்பதால் அரம் அதில் பிடிக்காமல் வழுக்கியது. அதைத் தீட்டக் கடை மெஷின்தான் வேண்டும்.

"அண்ணை, என்ர காலை வெட்டியெண்டாலும் என்னை வெளியில எடுங்கோ" என்று சாரதி கெஞ்சினார்.

அதற்குள் நானா தன் செயினோடு வந்துவிட்டார். அதுவும் இரும்பில் பட்டு மழுங்கியது. அவர் குந்தியிருந்து பல் பல்லாகத் தீட்டினார்.

"பயப்படாதீங்க தம்பி, இப்ப எடுத்திருவம்" என்று சொல்லிக்கொண்டே மறுபடி வெட்டினார். பலமுறை தீட்டிய பிறகுதான் மரம் இரண்டானது. சாரதி உயிர் பிழைத்தார், கால் போய்விட்டது.

குண்டு படாத தோட்டத்து மரமென்றால் சிவப்புப் பெட்டியே நல்லது. கொழும்பில் நான் இப்போது பச்சைப் பெட்டிச் செயினும் அரமும் இல்லாமல் வெளிக்கிடுவதில்லை. வெட்டுமுன் இரும்பு பாய்ந்த தழும்பு இருக்கிறதா என்று அடிமரத்தைக் கையால் தடவிப் பார்க்கிறேன். போன கிழமை வெள்ளவத்தையில் ஒரு வீட்டுப் பலா மரத்திலும் இரும்பு தட்டுப்பட்டது. அது எந்தக் குண்டின் துண்டென்று வீட்டுக்காரருக்கே சொல்லத் தெரியவில்லை.