வாயால் சுட்டவர்

ஆர்.எஸ்.மங்கலத்தில் நான் பிரவுசிங் சென்டர் நடத்தியபோது, பெரிய மீசை விவசாயி ஒருவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து பழைய வீடியோ கேம் ஆடுவார். அதைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் எமுலேட்டர் மென்பொருள், மூன்றாவது கட்டத்தில் ராட்சசன் வந்ததும் அப்படியே நின்றுவிடும். அழித்துவிட்டு மறுபடி ஏற்றியும் பலனில்லை.

"தண்ணி எங்கன ஒழுகுதுன்னு தெரியலேன்னா ஒவ்வொரு மடையா அடைச்சுப் பாக்கணும்ப்பா" என்று, செட்டிங்கில் ஒவ்வொன்றாக நிறுத்தச் சொன்னார். சத்தத்தை நிறுத்தியதும் ராட்சசன் நடந்தான்.

"ஊமையாவா சண்ட போடுறது?" என்று அன்றிலிருந்து துப்பாக்கிக்கும் குண்டுக்கும் ராட்சசனுக்கும் அவரே வாயால் சத்தம் கொடுத்தார். ரிசல்ட் பார்க்க வந்தவர்கள் எழுந்து ஓடினார்கள்.

பதறிப்போய்ப் புது எமுலேட்டர் ஏற்றினேன். சத்தத்தோடு நன்றாகவே ஓடியது. கொஞ்ச நேரம் கேட்டவர் முகம் சுளித்தார்.

"ராட்சசன் எங்கயாச்சும் இப்படிக் கத்துவானா? அத அடைச்சிரு, நான் பாத்துக்கிறேன்."