விண்டர்கிரீன் பாத்தியும் சுண்ணாம்புக் கோடும்

1. டப்பாவில் வந்த செடி

ஊட்டியிலிருந்து மாற்றலாகி வந்த எங்கள் அதிகாரி, முதல் நாளே ஜீப்பிலிருந்து தகர டப்பாக்களை இறக்கினார். உள்ளே விண்டர்கிரீன். மலைக் குளிரில் தரையோடு தரையாகப் படரும் செடி. இலையைக் கசக்கினால் வலித் தைலம் மணக்கும். இதை எங்கள் காரைக்கால் அலுவலகத் தோட்டத்தில் படரவிட வேண்டுமாம். கிளிஞ்சல்மேட்டு விசைப்படகை ஊட்டி ஏரியில் விடச் சொன்னால்கூட ஓடிவிடும், இது நடக்காது என்று நினைத்தேன். தோட்ட சூப்பர்வைசருக்கு வாய் எதற்கு?

எனக்குக் கீழே வேலை செய்தவர் அன்பழகன். கோட்டுச்சேரிக்காரர், பல வருடமாகத் தினக்கூலி, என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். மகளுக்கு வரன் தேடிக்கொண்டிருந்தார். அப்பா தினக்கூலி என்றதும், வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அதிகாரி அவரைக் கூப்பிட்டு, "டைரக்டர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றப்ப இது பச்சையா இருக்கணும். இருந்தா உன்னைய நிரந்தரம் பண்ணச் சொல்லி நானே கேக்குறேன்" என்றார். அன்றிலிருந்து அன்பழகனுக்கு அந்தச் செடிதான் குலதெய்வம்.

2. வளர்த்த விதம்

விண்டர்கிரீனுக்குப் புளிப்பு மண் வேண்டும். நம் மண்ணோ சிப்பித்தூள் கலந்த மணல். போர் தண்ணீரோ காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். இரண்டுமே அதற்கு ஆகாது. எனவே புங்கமரத்தடியில் செங்கல் கட்டி மேட்டுப்பாத்தி போட்டோம். அலசிய தென்னைநார்த் தூள், மட்கிய இலை, அதன்மேல் சருகு மூடாக்கு. ஊற்றுவதற்கு டிரம்மில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர். உச்சிவெயிலுக்கு ஷேட் நெட். வேர் காயவும் கூடாது, ஊறவும் கூடாது.

வெயிலைவிடப் பெரிய தொல்லை ஆபீஸ் ஆட்கள்தான். தலைவலி வந்தவரெல்லாம் இரண்டு இலையைக் கிள்ளி நெற்றியில் தேய்த்துக்கொண்டு போனார்கள். அன்பழகன் மத்தியானச் சோற்றைப் பாத்தியோரத்திலேயே வைத்துத் தின்று காவல் காத்தார். பாதிச் செடி போய்விட்டது. மீதி, என்ன மாயமோ, பிடித்துக்கொண்டு படர்ந்தது.

3. இன்ஸ்பெக்‌ஷன்

பெரிய ஆள் யார் வந்தாலும் வழிநெடுகச் சுண்ணாம்புக் கோடு போட்டாக வேண்டும். அதுதான் நம் ஆபீஸ்களில் மரியாதை. அன்று காலை நாங்கள் போவதற்குள் ஆபீஸ் சூப்பிரண்டு ஆள் வைத்துப் போட்டு முடித்திருந்தார். மிஞ்சிய சுண்ணாம்பை வீணாக்குவானேன் என்று பாத்தியைச் சுற்றியும், செடிகளுக்கு நடுவிலும் தாராளமாகத் தூவி, மேலே தண்ணீர் வேறு தெளித்திருந்தார்கள். புளிப்பு மண் கேட்கும் செடிக்குச் சுண்ணாம்பு விஷம்.

அன்பழகன் குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் வழித்து எடுக்க ஆரம்பித்தார். சூப்பிரண்டு ஓடிவந்தார்.

"யோவ், ஏன்யா அழிக்கிற? கார் மெயின் ரோட்டுக்கு வந்துருச்சு."

"செடி செத்துரும் சார்."

"இன்னைக்கே செத்துருமா?"

அன்பழகன் யோசித்தார். "இன்னைக்குச் சாவாது சார்."

"அப்பறம் என்ன?"

அதற்குள் கார் வந்துவிட்டது.

டைரக்டர் பாத்தியருகே நின்றார். அதிகாரி விண்டர்கிரீனின் அருமை பெருமைகளை ஆரம்பித்தார். டைரக்டர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "கோடு என்னா நேரா இருக்கு. யாரு போட்டது?" என்று சுற்றிலும் பார்த்தார். முழங்கை வரை வெள்ளையாக நின்றவர் அன்பழகன் ஒருவர்தான். அதிகாரி சமயம் பார்த்து நிரந்தரப் பேச்சை எடுத்தார். டைரக்டர் தலையாட்டினார்.

அடுத்தடுத்த நாட்களில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலையெல்லாம் மஞ்சளித்துச் செடிகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசிச் செடியைப் பிடுங்கிப்போட்ட வாரம் ஆர்டர் வந்தது. அன்பழகன் அதை வாங்கிக்கொண்டு அழுதார். சந்தோஷத்திலா, செடி போன துக்கத்திலா என்று கேட்டேன்.

"தெரியலக்கா. அந்தச் சுண்ணாம்ப நான் வழிச்செடுக்காம இருந்திருந்தா இந்த வேலையே இல்லல்ல?"

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளே, மண்ணைப் பாருங்கள், தண்ணீரைப் பாருங்கள், செடியை உயிராக வளருங்கள். இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் தயவுசெய்து கையைக் கழுவிவிடாதீர்கள்.