சம்பளத்தின் வால்

விடிகாலை வேலை முடிந்து கடைக்குப் பின்னால் காரை நிறுத்தியதும் சச்சிதானந்தன் சட்டை மாற்றுவார். துப்புரவுக் கம்பனியின் நீலச் சட்டையைக் கழற்றிச் சுருட்டி ஆசனத்துக்கு அடியில் தள்ளிவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டுவார். கார்க் கண்ணாடியைப் பார்த்துத் திருநீறு பூசி, தொண்டையைச் செருமிக்கொண்டு இறங்குவார். ஏறும்போது கூட்டித் துடைக்கிறவர், இறங்கும்போது முதலாளி. லண்டன் மோர்டனில் ரோல்ஸும் வடையும் இடியப்பமும் விற்கிற சின்னக் கடையொன்றின் முதலாளி.

அந்தக் கடையில் வேலைக்கு இருப்பவர் ஒரே ஒருவர்தான், யோகமலர் அக்கா. அறுபதைத் தாண்டியவர், தனி ஆள். அவருடைய மீன் ரோல்ஸுக்காக ஸ்ட்ரெதமிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். சச்சிதானந்தனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். ஆனால் யாராவது விலை குறைக்கச் சொன்னால், "முதலாளியைக் கேக்கவேணும்" என்று உள்ளே கை காட்டுவார். அதைக் கேட்டால் மனுசனுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

கடை வைக்க ஆசைப்பட்டு யோசனை கேட்டு வருகிறவர்களிடம் அவர் அடுப்பைப் பற்றியோ வாடகையைப் பற்றியோ பேசமாட்டார். "சம்பளம் ஒரு கதை, அதுக்குப் பின்னால வாற வால் வேற கதை" என்று தொடங்குவார். லீவுச் சம்பளம், பென்ஷன், இன்சூரன்ஸ், கணக்குப் பார்க்கிறவரின் கூலி எல்லாம் அவருக்கு வால்தான். "தலையை மட்டும் பாத்து ஆளை எடுக்காதேங்கோ. வால் வீட்டு வாசல் வரைக்கும் வரும்."

இப்படிப் புலம்புகிறவர் அந்த வாலில் ஒரு மயிரைக்கூட வெட்டியதில்லை. காரணம், அவர் ஜேர்மனியில் பதினாறு வருசம் தொழிற்சாலை வேலை செய்தவர். பல்லு வலித்தால் லீவு, சளி பிடித்தால் லீவு, அத்தனைக்கும் சம்பளம். "அண்டைக்கு நான் கை நீட்டி வாங்கினதை இண்டைக்கு இன்னொரு ஆளுக்கு இல்லையெண்டு சொல்ல ஏலுமோ?" என்பார். போன வருசம் அக்காவுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்தது. அக்கா சம்பளத்தோடு வீட்டில் இருந்தார். துப்புரவுக் கம்பனி தந்த லீவை எடுத்து இவர் கடையில் நின்றார். துடைப்பம் பிடிக்கிற இடத்தில் இவருக்கு லீவு உண்டு, சொந்தக் கடையில் கிடையாது. இந்த அநியாயத்தை அவர் யாரிடம் போய்ச் சொல்வது?

அக்காவுக்குச் சம்பளம் கொடுக்கத்தான் அவர் விடியத் துடைக்கப் போகிறார். அவர் துடைக்கப் போய்விடுவதால் விடிய அடுப்பு மூட்ட அக்கா தேவைப்படுகிறார். செக்குமாடுகூடக் கொஞ்சம் நின்று இளைப்பாறும். இவர் சுற்றிக்கொண்டே இருந்தார்.

இந்த ஏப்ரலில் அரசாங்கம் குறைந்தபட்சச் சம்பளத்தை மறுபடி ஏற்றியது. கணக்குப் பார்க்கிற றமணன் ஹரோவிலிருந்து தொலைபேசியில் பேசினார். "அண்ணை, ஆளை நிப்பாட்டினால் கடை தப்பும். இல்லாட்டி ஆடி மாதத்துக்குள்ள ரெண்டும் போகும்." சச்சிதானந்தன் ஓம் ஓம் என்று கேட்டுவிட்டு, மூன்று கிழமை வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்ல நினைத்து, அக்கா நீட்டுகிற தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அப்படியே போய்விடுவார்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆட்கள் குறைந்த நேரம் பார்த்துச் சொன்னார். கிழங்கு மசித்துக்கொண்டிருந்த அக்கா நிமிரவில்லை.

"எனக்குத் தெரியும் தம்பி. விடியப்புறம் நீங்கள் எங்க போயிட்டு வாறனீங்கள் எண்டும் தெரியும். உங்கட கையில புளீச் மணக்கிறது எத்தினை மாதமா."

சச்சிதானந்தன் இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"சம்பளம் வேண்டாம். வீட்டில தனிய இருந்து சுவரையே பாக்கிறது? நான் சும்மா வந்து நிக்கிறன்."

ஓம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வந்ததை நினைத்து அவருக்குத் தன்மீதே அருவருப்பு ஏற்பட்டது.

"அப்பிடிச் செய்ய ஏலாதக்கா. சட்டமும் விடாது, நானும் விடன். உங்களுக்கு வரவேண்டியது எல்லாம் தருவன்."

ஆளை நிறுத்துவதற்கும் நட்டஈடு என்று ஒரு வால் இருக்கிறது. அதையும் றமணன் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

அக்கா மிச்சக் கிழங்கையும் மசித்து, ரோல்ஸ் சுருட்டி, பொரித்துக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி முடித்தார். கை கழுவிக் கோட்டைப் போட்டுக்கொண்டு கதவு வரை போனவர் திறப்பைக் கொடுக்கத் திரும்பி வந்தார். கடைத் திறப்பு அவருடைய வீட்டுத் திறப்போடு ஒரே சாவி வளையத்தில் கிடந்தது. வளையம் இறுகிப்போயிருந்தது. மூட்டு வலி பிடித்த விரல்களுக்கு அது பிரிந்துகொடுக்கவில்லை.

"ஏலாமக் கிடக்கு தம்பி. நீங்களே கழட்டுங்கோ."

சச்சிதானந்தன் பெருவிரல் நகத்தை வளையத்துக்குள் கொடுத்து நெம்பினார். கண் கலங்கியதில் இடைவெளி எங்கே என்று தெரியவில்லை, நகம் வழுக்கியது. அக்கா கிட்ட வந்து, அவருக்கு வசதியாக, வளையத்தின் மறுபக்கத்தை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார்.