எல்லாவற்றுக்கும் ஓம்

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்த காலையில், அவர் எனக்கு வேடிக்கை காட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். தேநீர்க் கோப்பையைத் தூக்கப் போன வலக்கை மேசையிலேயே கிடந்தது. வாயின் ஒரு பக்கம் சரிந்திருந்தது. நான் கைதட்டிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "கையைத் தூக்குங்கோ பாப்பம்" என்றார். கை எழவில்லை. உடனேயே ஆம்புலன்சை அழைத்துவிட்டார். அந்த விரைவுதான் அப்பாவைக் காப்பாற்றியது என்று மருத்துவர்கள் பிறகு சொன்னார்கள். பிரஷர் குளிசையை அப்பா நெடுநாளாகத் தொடாமல் இருந்த விஷயமும் அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

குளிர்காலம் முழுவதும் மருத்துவமனையிலும் மறுவாழ்வு நிலையத்திலும் கழிந்தது. பனி கரைந்த பிறகு, பிரெஞ்சு பேசும் ஊரான பியர்பொன்ட்ஸில் இருந்த எங்கள் வீட்டுக்கு அப்பா ஊன்றுகோலோடு திரும்பினார். கால் மெல்ல மெல்லச் சொல்வழி கேட்டது. நாக்குத்தான் கேட்கவில்லை. அவரிடம் மிஞ்சியிருந்தது, ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் ஒரே ஒரு சொல்: "ஓம்."

பசிக்குதே? ஓம். வயிறு நிரம்பிட்டுதே? அதற்கும் ஓம். அம்மா ஆசையோடு தேநீர் கொண்டுவந்தால் கோப்பையைத் தள்ளிவிட்டு, கண்கலங்கி யன்னலைப் பார்ப்பார். அவருக்கு உண்மையில் என்ன வேண்டுமென்று வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்கோ அது பொற்காலம்.

"அப்பா, ஹோம்வேர்க்கைப் பேந்து, நாளைக்குச் செய்யட்டே?"

"ஓம்."

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவார். அவருக்குப் பிரெஞ்சு, அம்மாவுக்குத் தமிழ், நடுவில் மொழிபெயர்க்க நான். "சொற்கள் அவருக்குள்தான் இருக்கின்றன. வழியைத் தேடுகிறார். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள், காத்திருங்கள்" என்றார். காத்திருப்பதும் ஒரு வைத்தியமா என்று எனக்குச் சந்தேகம். அம்மா அதைக் குளிசையைப் போலவே நேரம் தவறாமல் செய்தார். சாப்பாட்டு மேசையில், உப்புக் குறைத்த கறியை முன்னால் வைத்துக்கொண்டு அப்பாவின் உதட்டையே பார்த்திருப்பார். கறிதான் ஆறும்.

கோடையில் ரொறொன்ரோவிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. தங்கமான மனம், அவசரக் குணம். இந்த வீட்டை விற்றுவிட்டுத் தன் வீட்டுக்குப் பக்கத்தில் வந்து இருக்கும்படி சொன்னார். அங்கே டொக்டர்கூடத் தமிழராம். எனக்கு மாமா வீட்டு நாய்க்குட்டி கண்ணுக்குள் ஓடத் தொடங்கியது.

"அவரைக் கேளாமல் நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்றார் அம்மா.

"அதுக்கென்ன அக்கா, கேட்டாப் போச்சு" என்று மாமா அப்பாவிடம் திரும்பினார். "அத்தான், வீட்டை வித்துப்போட்டு எங்களோட வாறியளே?"

விடை எல்லாருக்கும் தெரியும். மாமா கைகுலுக்கக் கையையும் நீட்டிவிட்டார்.

அப்பா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

"ஓம் தானே அத்தான்?"

"தம்பி, பொறு" என்றார் அம்மா.

காத்திருந்தோம். அப்பாவின் நெற்றி வியர்த்தது. இடக்கை மேசை விளிம்பை இறுகப் பற்றியது. "இ..." என்றார். மூச்சு வாங்கினார். "இல்..." என்றார். மாமாவின் கை நீட்டியபடியே நின்றது.

"இல்லை."

அம்மா கத்தியே விட்டார். மாமா, தன் திட்டம் கவிழ்ந்ததையே மறந்து, பாய்ந்து அப்பாவைக் கட்டிப்பிடித்தார். "அத்தான், இன்னொருக்காச் சொல்லுங்கோ!"

அப்பா மேசையில் ஓங்கித் தட்டிச் சொன்னார்: "இல்லை!"

மூன்று பேரும் அழுதுகொண்டு சிரித்தார்கள். நான் மட்டும் நாய்க்குட்டிக்காக அழுதேன்.

அந்தச் சொல் திறந்த வழியால் மற்றச் சொற்களும் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. அடுத்த பாஸ்கு விழாவில், உயிர்த்த ஞாயிறன்று, அப்பா மாதா கோயிலில் பைபிள் வாசகம் வாசித்தார். நின்று நின்றுதான் வாசித்தார், ஆனால் முழுவதையும் வாசித்து முடித்தார். இன்றைக்கும் குளிசை தவறுவதில்லை. மாலை நடையும் தவறுவதில்லை. நாங்கள் இருப்பதும் அதே வீட்டில்தான்.

ஆனால் அப்பா முதன்முதலாக "இல்லை" சொன்ன அந்த நாளின் மாலைப்பொழுதுதான் எனக்கு நெடுங்காலம் புதிராக இருந்தது. அம்மா அப்பாவின் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்விமேல் கேள்வி கேட்டார்.

"ரீவி போடட்டே?"

"இல்லை."

"போய்ப் படுக்கிறியளே?"

"இல்லை."

கேட்டது ஒன்றுகூடக் கிடைக்காத ஒருவர், ஒவ்வொரு மறுப்புக்கும் ஏன் அப்படிக் கல்யாணப் பெண்போலப் பூரித்தார் என்பது எனக்கு அன்றைக்கு விளங்கவேயில்லை.