நூற்று முப்பத்தெட்டு மார்க் வாங்கியவன்

ஹைதராபாத் பேகம்பேட்டில் நான் மென்பொருள் வேலையில் இருந்த காலம். ஒருநாள் பிரவுசிங் சென்டரில் அறிவுத்திறன் தேர்வு ஒன்று எழுதினேன். நூற்று முப்பத்தெட்டு வந்தது. என் மனைவி சுதாவையும் எழுத வைத்தேன். அவளுக்குத் தொண்ணூற்றாறு. ஒரு வாரம் அதைச் சொல்லியே கேலி செய்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா மாடியேறி வந்தார். நாங்கள் கதவைச் சத்தமாகச் சாத்துகிறோமாம், பத்து நாளில் காலி செய்ய வேண்டுமாம். இந்தியில் கத்தினார். நான் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துவந்து ஏழாவது பிரிவை நிதானமாக வாசித்துக் காட்டினேன். எட்டாவதைத் தொடங்கியதும் பத்து நாள் ஐந்து நாளானது.

கல்யாணமாகி மூன்று மாதத்துக்கு முன்புதான் திருநெல்வேலியிலிருந்து வந்த சுதாவுக்குத் தெலுங்கும் தெரியாது, இந்தியும் தெரியாது. அவள் என்னை நகர்த்திவிட்டு அந்த அம்மாவை உட்காரவைத்தாள். காதில் கைவைத்துக் காட்டி, “பையன் போன் பண்ணலையாம்மா?” என்று தமிழிலேயே கேட்டாள்.

வீட்டுக்காரம்மா அவள் தோளில் சாய்ந்து அழுதார். பிறகு இருவரும் காபி குடித்தார்கள். காலி செய்கிற பேச்சே மறுபடி வரவில்லை.

“எப்படிக் கண்டுபிடிச்ச?” என்றேன்.

“ஞாயித்துக்கிழமை காலைல அமெரிக்காவுலேருந்து மகன் பேசுவாருல்லா. இன்னைக்குக் கீழ மணியே அடிக்கல.”

நான் அந்த மாடியில் நான்கு வருடமாகக் குடியிருந்தேன். அவருக்கு ஒரு மகன் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.