பாத்துக்கலாம்

எண்பதுகளின் தொடக்கத்தில் மோகனூரில் எனக்கு ஒரு சிறிய கிளினிக் இருந்தது. என் அக்காவின் கணவர், மச்சான், ஒரு லாரி வாங்கித் தானே ஓட்டிக்கொண்டிருந்தார். வயிறு கனக்கிறது, முதுகு பிடிக்கிறது என்று இரண்டு வருடமாகச் சொல்லிவந்தார். படுக்கவைத்துப் பார்க்காமலே வாயு என்று முடிவுசெய்து ரோஸ் நிற மருந்தைக் கொடுத்து அனுப்பினேன். சொந்தக்காரருக்கு அவ்வளவு போதும் என்று நினைத்தேன்.

ஒரு சித்திரையில் சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஏனுங்க மாப்ள, வவுத்துக்குள்ளார எவனோ இஞ்சினை ஆப் பண்ணாம எறங்கிப் போயிட்டானாட்டம் இருக்குது. படுத்தா லுங்கி முடிச்சு ஏறி ஏறி எறங்குதுங்க. உங்கக்கா பாத்துப்போட்டு, மாசமா இருக்கறீங்களாங்கறா."

அன்றுதான் முதல்முறையாக அவரைப் படுக்கவைத்தேன். தொப்புளுக்கு மேலே இரண்டு கைகளையும் வைத்தபோது துடிப்பு விரல்களைப் பக்கவாட்டில் தள்ளி விலக்கியது. இதயத்திலிருந்து இறங்கும் பெருந்தமனி வீங்கிப்போயிருந்தது. அப்படிப்பட்ட வீக்கங்களில் எது சீக்கிரம் வெடிக்கும் என்ற கேள்விக்குப் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியவன் நான். அகலம், வலி, ரத்த அழுத்தம், புகை, குடும்பத்தில் அப்படி ஒரு சாவு. மச்சானிடம் எல்லாமே இருந்தன. அவருடைய அப்பா கரும்புக் காட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தவர். பாம்பு கடித்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

அவரை அறுவைக்கு மெட்ராசுக்கு அனுப்பக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எத்தனை நாளாகத் தொந்தரவு என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. இரண்டு வருடம் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காத டாக்டர் யார் என்று அங்கே என்னோடு படித்தவர்களுக்குத் தெரிந்துவிடும். காகிதத்தை மடித்து டிராயருக்குள் போட்டேன்.

"பெருசா ஏதாச்சுங்களா மாப்ள?"

"ரத்தக்குழாய் கொஞ்சம் வீங்கியிருக்குதுங்க மச்சான். பாத்துக்கலாம்."

அடிக்கடி அளந்து பார்ப்போம், பெருத்தால் அறுவைக்கு அனுப்புவோம் என்று எனக்கு நானே பொருள் சொல்லிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கேட்பவர் கவலையை விட்டுவிடுவார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

"அப்பப் பீடி?"

"கொறச்சுக்குங்க."

"அதையும் பாத்துக்கலாமுங்க" என்று கண்ணடித்துவிட்டுப் போனார். அதற்குப்பின் அவரும் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

எட்டு மாதம் கழித்து, சேந்தமங்கலத்தில் சரக்கு இறக்கும்போது மச்சானுக்கு முதுகில் கத்தி செருகியதுபோல வலி. மண்டிக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டிருக்கிறார். "எம் மாப்ளயே டாக்டருங்க, பாத்துப்போட்டாரு" என்று சொல்லி வண்டியை வீட்டுக்கே ஓட்டிவந்துவிட்டார். ஸ்கூட்டரில் நான் போய்ச் சேர்ந்தபோது வயிறு பலகையாக இறுகிக் கிடந்தது. துடிப்பு எங்கும் இல்லை.

சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்த வாசலில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பாத்துக்கலாம்னு சொன்னதுலதான் சாமி, அந்த மனுசன் எட்டு மாசம் நிம்மதியாத் தூங்குனாரு."

"மெட்ராசுக்குப் போயிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுக்கா" என்றேன். பிழைத்திருப்பார் என்று அடித்துச் சொல்ல முடியாது. பிழைக்க வழி இருந்தது என்பது மட்டும் உறுதி. அதை மறைத்தேன்.

சாகும்வரை அக்கா வேறு டாக்டரிடம் போகவில்லை. எதற்காக வந்தாலும் நான் முதலில் அவளைப் படுக்கவைத்து வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன்.

"தலவலிக்கு எதுக்கு சாமி வவுத்த அமுக்கறே?" என்று சிரிப்பாள்.